வணிக வளாகத்தில் கோடு போட யாரை அழைப்பது: மூன்று வகைக் குழுக்கள், ஒரு மதிப்பீடு

மால், கிடங்கு, மருத்துவமனை, கல்யாண மண்டபம் எதுவானாலும் பார்க்கிங் கோடு கட்டட எஸ்டிமேட்டில் கடைசி வரியாகத்தான் வரும். அதனாலேயே மூன்று பேரிடம் ரேட் கேட்டு, குறைவாகச் சொன்னவருக்கு வேலை போய்விடுகிறது. சில மாதத்தில் கோடு உரிந்தால் பழி பெயிண்ட் மேல் விழும். பெரும்பாலும் பெயிண்ட் சரியாகத்தான் இருக்கும். அந்தத் தரைக்கு அந்தக் குழு பொருந்தியிருக்காது.

சென்னை, ஒரகடம், கோவை வட்டாரத்தில் இந்த வேலைக்கு வருபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலில் நெடுஞ்சாலை வேலை செய்யும் தெர்மோபிளாஸ்டிக் குழு. தார் போட்ட திறந்தவெளி பார்க்கிங், லாரி வரும் யார்டு, நுழைவாயில் சாலை என்றால் இவர்களை மிஞ்ச ஆளில்லை. பொடியாக வரும் பொருளை பாய்லரில் 180 முதல் 200 டிகிரி வரை உருக்கி, தள்ளுவண்டி மெஷினில் ஊற்றி இழுப்பார்கள். கால் மணி நேரத்தில் மேலே கார் போகலாம். ஷட்டர் மூட முடியாத கடைகளுக்கு இது பெரிய வசதி.

இவர்களிடம் ஏமாறும் இடம் தடிமன். ஐஆர்சி 35 (சாலைக் கோடுகளுக்கான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதி) விதிப்படி போடுகிறோம் என்று கொட்டேஷனில் இருக்கும். சாலை வேலைக்குரிய தடிமன் 2.5 மி.மீ., அதுவும் மேலே தூவும் கண்ணாடி மணிகளைக் கணக்கில் சேர்க்காமல். தளத்தில் விழுவது 1.5 மி.மீ.யாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி மூட்டைக் கணக்கு. இந்தப் பொருள் லிட்டருக்குச் சுமார் 2 கிலோ. 100 மி.மீ. அகலக் கோடு, 2.5 மி.மீ. தடிமன் என்றால் ஒரு மீட்டருக்கு அரை கிலோ. 25 கிலோ மூட்டை 50 மீட்டர் வரும். 500 மீட்டர் கோட்டுக்கு 10 மூட்டை ஆகவேண்டும். 6 மூட்டையில் வேலை முடிந்தால் கிடைத்தது 1.5 மி.மீ. காலி மூட்டைகளை எண்ணும்வரை குப்பையில் போட வேண்டாம் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு சோதனை, மெஷின் வரும் பாதையில் ஒரு சின்ன அலுமினியத் தகட்டை வைப்பது. ஓட்டிய பிறகு தகட்டை எடுத்து, ஆறியதும் வெர்னியரில் அளந்து, தகட்டின் தடிமனைக் கழித்துவிட வேண்டும். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். நல்ல குழு இதற்கு முகம் சுளிக்காது.

எல்லா இடத்திலும் 2.5 மி.மீ. கேட்பதும் வீண் செலவுதான். கார் நிற்கும் கட்டத்தின் பக்கக் கோட்டை டயர் மிதிப்பது குறைவு, அங்கே 1.5 முதல் 2 போதும். அம்புக்குறி, ஸ்டாப் லைன், வளைவு ஆகிய இடங்களில் குறைக்கக் கூடாது. எந்தக் கோட்டுக்கு எவ்வளவு என்று ஒர்க் ஆர்டரில் தனித்தனியாக எழுதி, ரேட்டையும் அப்படியே பிரித்து வாங்குங்கள்.

கண்ணாடி மணியிலும் திறமை தெரியும். சதுர மீட்டருக்கு 250 கிராம், அதுவும் பொருள் சூடாக இருக்கும்போதே விழ வேண்டும். பாதிக்குச் சற்று அதிகமாக மணி புதைந்திருந்தால்தான் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். தாமதமாகத் தூவினால் மேலே உட்கார்ந்திருக்கும். கையால் தேய்த்தால் சர்க்கரை போல உதிரும். இருட்டியபின் செல்போன் டார்ச்சை கண்ணருகே பிடித்து, பத்து மீட்டர் தள்ளியுள்ள கோட்டைப் பாருங்கள். திட்டுத் திட்டாக மின்னினால் மணி ஒழுங்காக விழவில்லை.

அதே குழுவை கான்கிரீட் தரையில் விட்டால் நிலைமை மாறும். தாரோடு உருகி ஒட்டும் பொருள், கான்கிரீட்டில் பிரைமர் இல்லாமல் நிற்காது. பிரைமர் காயாமல் மேலே ஊற்றினால் உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகி, கோடு முழுக்க ஊசித் துளை விழும். ஈரம் இருந்தாலும் இதே கதைதான். பேவர் பிளாக் தரைக்கு தெர்மோபிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்: ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அசையும், கோடு இணைப்புக்கு இணைப்பு வெடிக்கும். பேவர் இனிமேல்தான் பதிக்கப் போகிறீர்கள் என்றால் கோட்டின் இடத்தில் வேறு நிறக் கல்லையே பதித்துவிடுங்கள். அதைவிட நீடித்த கோடு கிடையாது.

அடித்தள பார்க்கிங்குக்கு இந்தக் குழு பாய்லரோடு வந்தால் உள்ளே விடாதீர்கள். பாய்லரை எரிக்கும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பேஸ்மென்ட் தரையிலேயே தேங்கும். "சிலிண்டரை மேலே வைத்துவிட்டு டியூப் மட்டும் இறக்குகிறோம்" என்பதற்கும் சம்மதிக்கக் கூடாது. பேஸ்மென்டில் குளிர்நிலைப் பெயிண்ட், அதாவது சூடாக்காமல் பூசுவது மட்டுமே. திறந்தவெளியிலும் கையுறை, முகக் கவசம், தீயணைப்பான் மூன்றும் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்க விடக் கூடாது. 200 டிகிரிக் குழம்பு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே வேகவைக்கும்.

இரண்டாவது வகை, எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து பூசினால் இறுகும் பிசின் பூச்சு) தரை போடுபவர்கள். கிடங்கு, தொழிற்சாலை, பேஸ்மென்ட் ஆகியவற்றுக்கு இவர்களே சரி. ரேட் அதிகம்தான், அது பெயிண்டுக்கு மட்டுமான காசு அல்ல, தரையைத் தயார் செய்வதற்கும் சேர்த்து. விடிஎஃப் தரை (வேக்யூமால் அதிகப்படி நீரை உறிஞ்சி எடுத்துப் போடும் கான்கிரீட் தரை) ஹார்டனர் போட்டு மெருகேறியிருக்கும். அதன்மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் ஃபோர்க்லிஃப்ட் ஒரு தடவை திரும்பினாலே சுருண்டு வரும். கோட்டின் அகலத்துக்கு டைமண்ட் கிரைண்டர் ஓட்டி, தூசியை வேக்யூம் போட்டு எடுத்த பிறகே பிரைமர். ஏற்கெனவே எபாக்ஸி போட்ட தரை என்றால் 80 அல்லது 120 கிரிட் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். "எந்த கிரைண்டர் கொண்டுவருவீர்கள், வேக்யூம் சேர்ந்து வருமா?" என்று போனிலேயே கேளுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுவோம் என்று பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

புது கான்கிரீட்டுக்கு 28 நாள் பொறுக்கத் தெரிந்தவர் வேண்டும். அதன் பிறகும், தரையில் பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் அடியில் நீர் முத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். மாஸ்கிங் டேப்பை பெயிண்ட் இறுகுவதற்குள் எடுக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். மறுநாள் உரித்தால் ஓரம் பல்லுப் பல்லாகக் கிழியும். ஆள் நடக்க ஒரு நாள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஏழு நாள் என்று வழியை அடைக்க வேண்டியிருக்கும். வெயில் படும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகி மாவு பூக்கும். வெளி யார்டுக்கு பாலியூரிதேன் மேற்பூச்சு கேளுங்கள்.

மூன்றாவது, பெயிண்டிங் மேஸ்திரி. இருபது முப்பது கார் நிற்கும் சின்ன வளாகம், பேவர் தரை, வருடா வருடம் புதுப்பிக்கும் கோடு என்றால் மேஸ்திரி போதும், செலவும் கட்டுப்படும். சுவருக்கு மிஞ்சிய எனாமலை அடிக்காமல், ரோடு மார்க்கிங் பெயிண்டை சீல் உடையாத டின்னாக உங்கள் முன்னால் திறக்க வைத்தால் சரி.

யார் வந்தாலும் முதல் நாள் நூல் பிடித்து சாக் கோடு மட்டும் போடட்டும். அதை நீங்கள் நடந்து பார்த்துக் கையெழுத்து போட்ட பிறகே பெயிண்ட். கட்டம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வரைபடத்தில் இருக்கும். தூணை ஒட்டிய கட்டத்தில் தூண் தின்றது போகக் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்பது தரையில்தான் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டம் 3.6 மீட்டர் அகலம் வேண்டும், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். இந்த ஒன்றைச் சுருக்கி ஒரு கார் கூடுதலாக நிறுத்தப் பார்ப்பது நியாயமே அல்ல. சக்கர நாற்காலி இறங்க அந்த அகலம் கட்டாயம் தேவை. நீங்கள் கேட்காமலேயே இதைப் பற்றிப் பேசும் காண்ட்ராக்டருக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருவோம். இருசக்கர வாகனம் இறங்கும் ரேம்ப்பில் பட்டையாக தெர்மோபிளாஸ்டிக் நிரப்பச் சொன்னால் மறுப்பவரும் நல்லவரே. ஈரத்தில் அது வழுக்கும், மணல் கலந்த ஆன்டி ஸ்கிட் பூச்சுதான் வேண்டும்.

பில்லில் சண்டை வருவது அம்புக்குறியிலும் எழுத்திலும். பெயிண்ட் பட்ட பரப்புக்கா, அதைச் சுற்றிய செவ்வகத்துக்கா பணம் என்பதை முன்பே எழுதுங்கள். தொகை இரு மடங்குக்கு மேல்கூட மாறும். விட்டு விட்டுப் போடும் கோட்டில் இடைவெளிக்குப் பணம் கிடையாது. வண்டி வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி, பழைய கோடு அகற்றுதல் ஆகியவை ரேட்டில் உண்டா என்றும் கேளுங்கள். பழைய கோட்டின்மேல் கறுப்பு பெயிண்ட் அடிப்பது அகற்றுவதாகாது. இரவு மழையில் கறுப்பும் பளபளக்கும், ஓட்டுநர் எந்தக் கோட்டைப் பார்ப்பது? சுரண்டி எடுக்கும் மெஷினுக்குத் தனி ரேட் வாங்குங்கள்.

வாரண்டியில் "உரிதல்" என்றும் "தேய்தல்" என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தேய்வது இயல்பு. உரிவது வேலைக் குறை, அதை அவர் செலவில் திரும்பப் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருப்பதால் செப்டம்பருக்குள் முடிப்பது நல்லது. பில்லில் ஒரு சிறு பங்கைப் பிடித்துவைத்து, மழை முடிந்து ஜனவரியில் கோட்டைப் பார்த்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.