சிறார் இல்லத்தில் எந்த ஆட்டம்: பறையா, பிரேக்கிங்கா?

சென்னை கெல்லீஸில் இருப்பது போன்ற ஒரு கூர்நோக்கு இல்லத்தில், அதாவது வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் இடத்தில், பையன்களுக்கு நடனம் சொல்லித்தரப் போகிறோம், எதை எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், உள்ளே இருக்கும்வரை பிரேக்கிங் (ஹிப்-ஹாப் பாட்டுக்கு ஆடும் பிரேக் டான்ஸ்), வெளியே வந்ததும் பறை என்பேன்.

முதல் காரணம் நாள் கணக்கு. கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் விசாரணை முடியாதவர்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஜாமீன் தருவதுதான் பொது விதி, விசாரணையையும் 4 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். அதனால் இன்று வகுப்பில் இருக்கிற பையன் அடுத்த வாரம் இருக்க மாட்டான், அவன் இடத்தில் புதிதாக ஒருவன் மிரட்சியோடு வந்து உட்கார்ந்திருப்பான். பறைக்குழுவோ ஒன்றாகப் பழகிப் பழகி உருவாகிறது, நடுவில் இரண்டு பேர் போனால் வரிசையே குலைந்துவிடும். பிரேக்கிங்கில் ஒருத்தன் ஒரே நாளில் டாப் ராக் என்ற, நின்றபடி ஆடும் ஸ்டெப்புகளைக் கற்றுக்கொண்டு, தனியாகவே அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வேண்டியது ஒரு ஸ்பீக்கரும், மணிக்கட்டைப் பதம் பார்க்காத தரையும்தான். வெறும் சிமெண்ட் தரையில் மட்டும் ஆடவிடாதீர்கள்.

இல்லத்துக்குள் பறைக்கு வேறு சிக்கலும் உண்டு. தோல் பறையை நெருப்பில் காய்ச்ச வேண்டும், இல்லத்தில் அது நடக்காது, ஃபைபர் பறை வாங்கியாக வேண்டும். அடிக்குச்சி, சுண்டுகுச்சி இரண்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சாதிதான் கஷ்டம். சாவு வீட்டில் அப்பாவோடு வாசித்துப் பழகிய பையனுக்கு அடி ஏற்கெனவே கையில் இருக்கும், ஆனால் மற்றவர்கள் முன்னால் எடுத்தால் தான் யார் என்று தெரிந்துவிடுமே என்று தயங்குவான். அவனை "நீ வாசிடா" என்று முன்னால் தள்ளுகிற ஆசிரியர் வகுப்பு எடுக்கவே வரக்கூடாது.

இவ்வளவு இருந்தும் பறையை நான் விடமாட்டேன். பேசவே மறுத்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சுவரோரம் நிற்கிற பையனைப் பாருங்கள், பறை ஒலித்தால் அவன் கால் தானாகத் தாளம் போடும். அப்புறம், பறையில் பக்கத்தில் இருப்பவனைக் கேட்காமல் அடிக்கவே முடியாது. எதிரெதிர் ஏரியாப் பையன்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பிரேக்கிங்கில் நேருக்கு நேர் 'பேட்டில்' உண்டு, தொடாமல் ஸ்டெப்பாலேயே பதில் சொல்வது அழகுதான், ஆனால் வெளியே பகை இருக்கிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் அது வேண்டாம். வட்டமாக நின்று ஒவ்வொருவராக ஆடட்டும், ஜெயித்தவன் தோற்றவன் என்று யாரும் அறிவிக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வழி, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 2006இல் டான்ஸ் யுனைட்டட் என்ற நடன அமைப்பு தொடங்கியது போல, 12 வாரம் முழுநேரமாக நவீன நடனம் பயிற்றுவித்து மேடையேற்றுவது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு நாள் ஒரே குழு நிலைக்க வேண்டுமே! நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருக்கும் பையன்களோடு இதை இங்கே முயலலாம். பரதநாட்டியத்துக்கு வருடக்கணக்கில் நேரம் வேண்டும், அதனால் இந்த ஒப்பீட்டுக்குள் அது வராது.

மேடை என்றதும் இன்னொன்று: எந்த ஆட்டமானாலும் ரீல்ஸ் கூடாது. சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி இந்தப் பிள்ளைகளின் முகமோ பெயரோ வெளியே வரக்கூடாது, மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நன்கொடையாளருக்குக் காட்ட வீடியோ கேட்கும் அமைப்புகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெளியே வந்தபின் கணக்கு மாறுகிறது. தேறிய பறைக்குழுவுக்குக் கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம் என்று வாய்ப்பு வரும், கையில் காசும் வரும். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ மாலையில் கூடுகிற ஒரு குழுவின் பெயரையும் நேரத்தையும், ஜாமீன் கிடைக்கிற அன்றே பையனிடமும் அவன் அம்மாவிடமும் நன்னடத்தை அலுவலர் எழுதிக் கொடுக்கட்டும். முதல் நாள் யாராவது கூடவே கூட்டிக்கொண்டு போகட்டும்.