ஓய்வுபெற்ற ரேஸ் நாயை கார் நிறுத்துமிடத்தில் வைத்து வாங்காதீர்கள்

லண்டன் பக்கம் கிரேஹவுண்ட் (பந்தயத்தில் ஓடவிடும் வேட்டை நாய் இனம்) எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். 350 பவுண்டைக் கொடுத்து ஏமாந்தேன். அதற்குப் பிறகு செலவானது அதைப்போலப் பல மடங்கு. அந்த நாய் பட்ட பாட்டுக்குக் கணக்கே இல்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா சிப்பிப்பாறை வளர்த்தவர். ஒட்டின வயிறு, நீள மூஞ்சி, எண்ணிவிடலாம் போலத் தெரியும் விலா எலும்பு, இதெல்லாம் பார்த்தே வளர்ந்தவன் நான். இல்ஃபோர்டில் பின்னால் கொஞ்சம் தோட்டத்தோடு வீடு அமைந்ததும் மகள் நாய் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ரோம்ஃபோர்டில் பந்தய மைதானம் இருக்கிறது. ஓடி முடித்த நாய்களுக்கு வீடு தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், இது நமக்கென்றே வைத்தது என்று தோன்றிவிட்டது. வேட்டை நாயைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற மிதப்பு வேறு.

முறையாகப் போக வழி இல்லாமல் இல்லை. கிரேஹவுண்ட் டிரஸ்ட் மாதிரி 1975-லிருந்து இதே வேலையாக இருக்கும் அமைப்புகள் இருக்கின்றன. வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், வேலியின் உயரம் கேட்பார்கள், பகலில் எத்தனை மணி நேரம் நாய் தனியாக இருக்கும், பக்கத்து வீட்டில் பூனை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கு அது பெண் கேட்டுப் போன வீட்டில் சம்பளச் சீட்டைக் கேட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நாலு வயதுப் பெட்டை, செவலை நிறம், "குழந்தைகளோடும் பூனைகளோடும் பழகும், உடனே எடுத்துச் செல்லலாம்". ஆறு படங்கள். ஆறும் இடது பக்கத்திலிருந்து எடுத்தவை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

போனில் பேசிய ஆள் தன்னை ஒரு மீட்பு அமைப்பு என்றார். அறக்கட்டளைப் பதிவு எண் கேட்டேன். "நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை" என்றார். இங்கே பதிவான அறக்கட்டளை எதுவாக இருந்தாலும் சாரிட்டி கமிஷன் பட்டியலில் இரண்டு நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடலாம். நான் பார்க்கவில்லை. கென்னலுக்கு, அதாவது நாய்களை வைத்திருக்கும் கொட்டகைக்கு, வந்து நாயைப் பார்க்கட்டுமா என்றதற்கு, மற்ற நாய்கள் பயந்துவிடும், நானே கொண்டுவருகிறேன் என்றார். என்ன அக்கறையான மனிதர் என்று நான் மனைவியிடம் சொன்னதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

எம்25 நெடுஞ்சாலை ஓரம், ஒரு சர்வீஸ் ஸ்டேஷனின் கார் நிறுத்துமிடம். அக்டோபர் மாதம், ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. வெள்ளை வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே போர்வை போர்த்திய நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. குதித்து இறங்கும் என்று பார்த்தால், அவரே இரண்டு கையாலும் தூக்கி, எங்கள் காரின் பின் இருக்கையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நாய் எங்கள் முன்னால் நாலு அடிகூட நடக்கவில்லை. ரொக்கம்தான் வேண்டும் என்றார். மேலே நாய்ப்பாதம் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாதாரணக் கழுத்துப்பட்டை ஒன்றையும் கயிறையும் கையில் கொடுத்தார். கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா என்றதற்கு, எல்லாம் ஆயிற்று, சான்றிதழ் தபாலில் வரும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, அந்தப் பின்னங்காலைப் பாருங்க, ஒரு பக்கமா வீங்கின மாதிரி இல்ல?" ரேஸ் நாய்க்குத் தசை அப்படித்தான் முறுக்கேறி இருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். அப்பாவின் நாய் பெயரையே வைத்தோம், செவலை. மகளுக்கு "செவி".

முதல் இரண்டு நாள் எல்லோரும் சொல்வது போலத்தான் போயிற்று. கென்னலிலேயே வளர்ந்ததால் மாடிப்படி என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவில் நேராகப் போய் மோதியது. டிவியில் குதிரை ஓடியபோது மட்டும் காது இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றது. மற்ற நேரமெல்லாம் தூக்கம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பிராணி, நாளில் முக்கால்வாசி நேரம் சோபாவில் நாலு காலும் மேலே பார்க்க மல்லாந்து கிடந்ததைப் பார்த்து வீட்டில் ஒரே சிரிப்பு.

மூன்றாம் நாள் காலை வாலண்டைன்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு அணில் குறுக்கே ஓடியது. செவலை ஒரு அடி பின்வாங்கித் தலையைக் குனிந்தது, அவ்வளவுதான், என் கையில் கயிறும் பட்டையும் மட்டும் இருந்தன. கிரேஹவுண்டின் கழுத்து அதன் தலையைவிடப் பருமன். சாதாரணப் பட்டை சட்டையைக் கழற்றுவது போலக் கழன்றுவிடும். அதற்கென்று அகலமான, இழுத்தால் இறுகும் பட்டை தனியாக இருக்கிறது. முறையான அமைப்பு எதுவாக இருந்தாலும் அதைப் போட்டுத்தான் நாயை வாசல் தாண்ட விடும், வாய்க்கூடும் கூடவே வரும். என் அப்பாவின் சிப்பிப்பாறைக்கு வேப்பமரமும் சணல் கயிறும் போதுமாயிருந்தது. கழுத்துப்பட்டையைப் பற்றி நான் எங்கே யோசித்தேன்.

பத்து விநாடி ஓடியிருக்கும். மரத்தைச் சுற்றித் திரும்பிய இடத்தில் ஒரு அலறல். அது நாய்க் குரல் போலவே இல்லை. பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நிற்கிறது. 30 கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் நடந்தேன்.

அந்த ஆளுக்கு உடனே படம் அனுப்பினேன். வந்த பதில்: "நாயை நழுவவிட்டது நீங்கள். நான் கொடுத்தபோது கால் நன்றாக இருந்தது." நியாயம்தானே என்று நானே நம்பிவிட்டேன். இரண்டு இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

எக்ஸ்ரேதான் என்னைக் காப்பாற்றியது. மயக்கமருந்தோடு சேர்த்து 640 பவுண்ட். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். குதிகால் மூட்டுக்குள் இருக்கும் சின்ன எலும்பு ஒன்று எப்போதோ உடைந்து, யாரும் கட்டுப் போடாமல், தானாகக் கோணலாகச் சேர்ந்திருந்தது. சுற்றிலும் வாதம் பிடித்துப் புது எலும்பு முள்முள்ளாக வளர்ந்திருந்தது. "இது மூன்று நாளில் வருவதில்லை, பல மாதம் ஆகியிருக்கும்" என்றார். வலது கால் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே பந்தயம் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் ஓடுவது. ஒவ்வொரு வளைவிலும் வலது பின்னங்காலின் மூட்டுதான் பாரத்தை வாங்கும். ரேஸ் நாய்க்கு அந்த இடத்தில் உடைவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்? முதல் இரண்டு நாள் எப்படி நன்றாக நடந்தது என்று கேட்டேன். வலி மாத்திரை கொடுத்திருக்கலாம், நிரூபிக்க முடியாது என்றார்.

நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்தபோது அடுத்த கதை வந்தது. 2016 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் எல்லா நாய்க்கும் சிப் கட்டாயம். ஆள் மாறினால் பெயரையும் மாற்ற வேண்டும். செவலையின் சிப் வேறு யார் பெயரிலோ இருந்தது. அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் வீட்டிலும் இரண்டு கிரேஹவுண்ட். அவர்தான் செவலையின் காதைப் பிரித்து, உள்ளே பச்சை குத்தியிருந்த எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதன் பந்தயப் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னார். பெயர் கிடைத்தால் அது ஓடிய ஓட்டமெல்லாம் இணையத்தில் இருக்கிறது. எந்த மைதானம், எத்தனையாவது பெட்டியிலிருந்து கிளம்பியது, எவ்வளவு நேரம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சுருக்கக் குறிப்பு. மெதுவாகக் கிளம்பியது, முதல் வளைவில் இடிபட்டது, வெளிப்பக்கமாக ஓடியது என்று சங்கேத மொழி மாதிரி இருக்கும். சமையலறை மேசையில் உட்கார்ந்து கீழே கீழே இறங்கினேன். கடைசி வரி, மார்ச் மாதம். 480 மீட்டர். ஐந்தாம் பெட்டி, அதாவது ஆரஞ்சுச் சட்டை. ஆறாவது இடம். பக்கத்தில்: நொண்டியபடி முடித்தது.

ஏழு மாதம் அந்தக் காலோடு எங்கெங்கோ இருந்திருக்கிறது.

சிப் நிறுவனம் மூலமாகத் தகவல் போய், பழைய உரிமையாளர் எங்களைக் கூப்பிட்டார். வயதானவர். நல்ல வீடு தயாராக இருக்கிறது என்று சொல்லி அந்த ஆள் நாயை இலவசமாக வாங்கிப்போனாராம். காசு வாங்கினாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவரை முழுக்க நல்லவர் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பதிவுபெற்ற மைதானத்தில் ஓடும் நாய் ஓய்வுபெறும்போது எங்கே போகிறது என்று உரிமையாளர் பந்தய வாரியத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். 2020-இல் ஒரு பிணைத்தொகை ஏற்பாடும் வந்தது. தொடக்கத்தில் 400 பவுண்ட், உரிமையாளர் பாதி, வாரியம் பாதி. அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு நாய் போனால் அந்தப் பணம் நாயோடு அங்கே போகும். ஓட்டத்தில் எலும்பு உடைந்தால் சிகிச்சைக்கு உதவ 2018 கடைசியிலிருந்து தனித் திட்டமே இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் இந்த நாய்க்கு ஒரு கட்டுகூடப் போடவில்லை. பொறுப்பு கைமாறினால் போதும் என்று ஒருவர், காசு பார்த்தால் போதும் என்று ஒருவர், சும்மா கிடைத்த மாதிரி அவசரப்பட்டு நான்.

கருத்தடையும் பொய். டிசம்பரில் செவலை ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்துவிட்டது. அதற்குப் பிறகு சில மாதம் பொறுத்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள், அது ஒரு 480 பவுண்ட். அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் இன்னொரு கூத்து. அன்றைக்கு இருந்த இளம் டாக்டர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) அதிகம், தைராய்டு குறைவு என்று சொல்லிச் சிறுநீரக நோய்க்கான தீவன மூட்டை ஒன்றை வாங்க வைத்துவிட்டார். அந்த நர்ஸ்தான் தடுத்தார். கிரேஹவுண்டுக்குக் கிரியாட்டினின் கூடுதலாகவும், சிவப்பணு அளவு கூடுதலாகவும், தட்டணுவும் தைராய்டும் குறைவாகவும் இருப்பது இயல்பு. மற்ற நாய்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியுமாம். மயக்கமருந்து விஷயத்திலும் அப்படித்தான். உடம்பில் கொழுப்பில்லாததாலும் சில மருந்துகளைக் கல்லீரல் மெதுவாகவே வெளியேற்றுவதாலும் தெரிந்து கொடுக்க வேண்டும். இது ஏமாற்று இல்லை, பழக்கக் குறைவு. ஆனாலும் கிரேஹவுண்ட் பார்த்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்கு இன்ஷூரன்ஸ் ஒரு பென்னி தரவில்லை. முன்பே இருந்த காயம் என்று எழுதிவிட்டார்கள். எந்த எக்ஸ்ரே என் மனசாட்சியைக் காப்பாற்றியதோ அதே எக்ஸ்ரே. மூட்டு வலிக்கு மாதம் 55 பவுண்ட் மருந்து, நாய் இருக்கும் வரை.

வழக்குப் போடலாம் என்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த முகவரிக்குப் போனால் டயர் கடை. ரொக்கம் கொடுத்ததால் வங்கியிலும் தடயம் இல்லை. போன் எண்ணை அவர் மாற்றிவிட்டார். உள்ளாட்சி அலுவலகத்தில் வணிக மோசடி பிரிவுக்கு எழுதியிருக்கிறேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள். "அவன்கிட்ட திருப்பிக் கொடுத்தா இவளை என்ன பண்ணுவான், அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். நண்பர் டீயைக் குடித்தார்.

செவலை இப்போது நன்றாக இருக்கிறது. அகலப் பட்டையோடு காலையும் மாலையும் இருபது இருபது நிமிடம், புல்தரையில் மட்டும். படி ஏறாது, அதனால் நாங்கள் கீழேயே படுக்கையைப் போட்டுவிட்டோம். தயிர்சாதம் என்றால் பல்லைக் கடகடவென்று ஆட்டிச் சந்தோஷப்படுகிறது.

போன வாரம் வேறு ஒரு பெயரில் புது விளம்பரம் வந்திருக்கிறது. ஐந்து வயதுக் கடுவன், கருப்பு, "குழந்தைகளோடும் பூனைகளோடும் பழகும், உடனே எடுத்துச் செல்லலாம்". பின்னால் அதே வெள்ளை வேன். நாலு படம் போட்டிருக்கிறார், நாலும் இடது பக்கம்.