கனன் 50எம்எம் எஃப்/1.8: பிள்ளைகளைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் பிள்ளைகளைப் படம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இதற்கு முதல் கலியாண அல்பம் அடுக்குகிற வேலை, கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. இப்போது அரைவாசி நேரம் முழங்காலில்தான். கமரா ஸ்டூடியோவின் கனன் 200டி. லென்ஸ் மட்டும் என்னுடையது: கனனின் இஎஃப் 50எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம். 2015இல் வந்த மாதிரி, பாவித்ததாகத்தான் வாங்கினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

முக்கிய காரணம் இடம். எங்கள் மாடி அறை நீட்டுக்குப் பன்னிரண்டடிதான் வரும். அதிலும் பின்திரையும் லைட் ஸ்டாண்டும் தங்கள் பங்கை எடுத்துவிடும். லென்ஸின் எம்எம் கூடக்கூடப் படத்தில் ஆள் பெரிதாக விழும், அதனால் தள்ளி நிற்க வேண்டும். 200டியில் படம் பதிகிற சென்சர் சின்னது என்பதால் 50எம்எம், பெரிய சென்சர் கமராவில் 80எம்எம் போடுகிற மாதிரி வேலை செய்கிறது. இருந்து விளையாடுகிற ஒரு வயசுப் பிள்ளையை முழுதாகப் பிடிக்க ஆறேழடி தள்ளி நின்றால் காணும். ஸ்டூடியோவில் 85எம்எம் லென்ஸ் ஒன்றும் கிடக்கிறது. முகம் அதில் இன்னும் வடிவாக விழும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே படத்துக்கு நான் படிக்கட்டில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் நிற்கிற அன்ரியைப் பார்த்து எந்தப் பிள்ளை சிரிக்கும்? ஆறடியில் என்றால் கமராவின் திரையைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டே மற்றக் கையால் கிலுக்கட்டியை ஆட்டலாம். தொப்பி சறுக்கினால் இரண்டு எட்டில் போய்ச் சரிசெய்யலாம்.

போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு பல்லுக்கொழுக்கட்டை, பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது செய்கிற சடங்கு. அம்மம்மா பிள்ளையின் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டி முடித்துவிட்டார். முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, சங்கிலி, கண்ணாடி. எதை எடுக்கப் போகிறாள் என்று வீடு முழுக்கக் குனிந்து பார்க்கிறது. அவள் தட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, மடியில் விழுந்த கொழுக்கட்டையை எடுத்து வாய்க்குள் வைத்தாள். இந்த லென்ஸ் 35 சென்ரிமீற்றர் வரை ஃபோக்கஸ் பிடிக்கும். கிட்டப் போய் அந்த ஐந்து விரலையும் தேங்காய்ச் சொட்டு ஒட்டிய சொண்டையும் எடுத்தேன். குடும்பமாக நின்று எடுத்த படங்களை விட்டுவிட்டு அதைத்தான் பெருப்பிக்கக் கேட்டார்கள்.

இனிக் குறைகள். எஃப்/1.8 என்பது லென்ஸின் வாய் முழுதாகத் திறக்கிற அளவு, எண் கூடினால் வாய் சுருங்கும், தெளிவாக விழுகிற ஆழம் கூடும். பெட்டியில் 1.8 என்று எழுதியிருக்கிறதே என்று அதிலேயே எடுக்கவேண்டாம். ஒரு மீற்றர் தூரத்தில் அந்த ஆழம் மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. மூக்கு நுனி தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும். அசையாமல் இருக்கிற பெரியவர்களுக்கு அது சரி, தவழ்கிற பிள்ளைக்குச் சரிவராது. ஜன்னல் வெளிச்சத்தில் எஃப்/2.8, ஸ்டூடியோ ஃப்ளாஷோடு எஃப்/4 என்று வைத்துக்கொள்கிறேன். நடுக்கத்தை அடக்குகிற வசதியும் இதில் இல்லை. இருந்தாலும் ஓடுகிற பிள்ளைக்கு அதனால் பெரிய உதவி கிடையாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

எனக்குப் பிடிக்காத ஒன்று, கிட்டத்தில் ஃபோக்கஸ் பண்ணும்போது லென்ஸின் முன் குழாய் வெளியே நீளுவது. கமராவை நிறுத்திய பிறகும் அது வெளியே நின்றால் கையால் தள்ளி உள்ளே விடக்கூடாது. தூரத்தில் எதையாவது ஃபோக்கஸ் பண்ணிக் குழாய் உள்ளே போன பிறகு கமராவை நிறுத்துங்கள்.

கொழும்பில் பாவித்ததாக வாங்குகிறவர்கள் ஃபோன் டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்துக் கண்ணாடிக்குள்ளே பாருங்கள். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் வேண்டாம். சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுபோனால் கண்ணாடி வேர்க்கும், பையை மூடியபடி கொஞ்சநேரம் விட்டு எடுக்கவேண்டும்.

மிரர் இல்லாத ஆர் வகைக் கனன் வைத்திருப்பவர்கள் இதற்கு அடாப்டர் தேடாமல் 2020இல் வந்த ஆர்எஃப் 50எம்எம் எஃப்/1.8ஐப் பாருங்கள். பாரம் அதே 160 கிராம், 30 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம். லென்ஸின் முன்னால் பூட்டுகிற கண்ணாடியான ஃபில்டரின் அளவும் மாறும்: இதற்கு 49 மில்லிமீற்றர், அதற்கு 43. எதை வாங்கினாலும் ஒரு ஃபில்டர் போடுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் கையில் எந்நேரமும் பிஸ்கற் இருக்கும்.