உலகைச் சுற்றும் கேமராவா, ஓரிடத்தில் உட்காரும் கேமராவா?

காட்டுயிர் ஆவணப்படங்களில் எது சிறந்தது என்று கேட்டால், பலர் யோசிக்காமல் சொல்லும் பெயர் 'பிளானட் எர்த்'. 2006இல் பிபிசி வெளியிட்ட அந்த 11 பாகத் தொடருக்கு அந்தப் புகழ் சும்மா வரவில்லை. ஐந்தாண்டு உழைப்பு, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், கூடவே டேவிட் அட்டன்பரோவின் குரல். ஹெலிகாப்டரில் பொருத்திய, அதிர்வைத் தாங்கும் கேமராவை வைத்து மிக உயரத்திலிருந்து படமெடுத்ததால், ஓநாய் ஒன்று கரிபு மான்குட்டியைத் துரத்துவதை ஆரம்பம் முதல் கடைசிவரை பார்க்க முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் வேட்டைக் காட்சி என்றால் பாய்ச்சல் தெரியும், பிடிபட்ட இரை தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

ஆனாலும் விலங்கையும் அது வாழும் இடத்தையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வருபவருக்கு இந்தத் தொடரை முதலில் கைகாட்ட மாட்டேன். 2018இல் அதே பிபிசி வெளியிட்ட 'டைனஸ்டீஸ்' தொடரைத்தான் சொல்வேன். ஐந்தே பாகங்கள், பாகத்துக்கு ஒரு விலங்கு, ஒரு கூட்டம், ஒரு நிலம்.

ஏன் என்று பார்ப்போம். 'பிளானட் எர்த்'தின் மலைகள் பாகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தியோப்பியாவின் கெலாடா குரங்குகள், தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் பூமா, ராக்கி மலையில் கரடி, காரகோரத்தில் பனிச்சிறுத்தை, சீனாவில் பாண்டா என்று சுற்றி வந்துவிடுகிறோம். பனிச்சிறுத்தை மார்க்கோர் ஆட்டைச் செங்குத்தான பாறையில் துரத்தும் காட்சியைப் பார்க்கும்போது மூச்சே நின்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிறுத்தைக்கு எவ்வளவு பெரிய மலைப்பரப்பு வேண்டும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொன்று இருந்தால் என்ன ஆகும், இரை கிடைக்காத குளிர்காலத்தை எப்படிக் கடக்கிறது? கேட்பதற்குள் கேமரா அடுத்த கண்டத்துக்குப் போய்விடும். மலை என்பது அங்கே அழகான பின்னணித் திரையாக நின்றுவிடுகிறது.

'டைனஸ்டீஸ்' தொடரில் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸில் எடுத்த காட்டு நாய்ப் பாகத்தைப் பாருங்கள். டைட் என்ற மூத்த பெண் நாயின் கூட்டம் சாம்பெசி ஆற்றங்கரையில் வாழ்கிறது. அதன் மகள் பிளாக்டிப் தனிக்கூட்டமாகப் பெருகி, இடம் போதாமல் தாயின் நிலத்துக்குள்ளேயே நுழைகிறது. தாய்க்கூட்டம் பின்வாங்கிப் போகும் இடமோ சிங்கங்களின் ஆட்சியில் இருக்கிறது. மகளும் விடுவதாக இல்லை, பின்னாலேயே போகிறது. இதைக் குடும்பச் சண்டையாகவே ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் பார்த்து முடிக்கும்போது ஒரு வரைபடமே மனதில் பதிந்திருக்கும்: ஆற்றோரம் யாருக்கு, மேட்டு நிலம் யாருக்கு, எந்த எல்லையைத் தாண்டினால் சிங்கம், எந்த நீர்த்துறையில் முதலை. காட்டு நாய்க்கு ஏன் அவ்வளவு பரந்த இடம் வேண்டும், அந்த இடம் சுருங்கினால் முதலில் ஏன் குட்டிகள் சாகின்றன என்பதை யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை, கதை போகிற போக்கிலேயே புரிந்துவிடும். பபூன் குரங்கை வேட்டையாட அந்த நாய்கள் பழகியிருப்பதையும் அங்கேதான் பார்க்கிறோம். ஒரே இடத்தில் நீண்ட காலம் தங்காத படக்குழுவுக்கு இதெல்லாம் கிடைப்பது கடினம்.

கென்யாவின் மசாய் மாராவில் எடுத்த சிங்கப் பாகமும் இதே ரகம். அங்கே கூட்டத்தின் பெரிய எதிரி கழுதைப்புலி அல்ல, மனிதர் வைக்கும் விஷம். கால்நடைக்காரர்களுக்கும் சிங்கங்களுக்கும் இடையே உள்ள தகராறு சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. உலகைச் சுற்றும் படங்கள் பெரும்பாலும் மனிதனை வெட்டி எறிந்துவிட்டு, ஆளரவமற்ற காடு ஒன்றைக் காட்டும். பார்ப்பதற்குச் சுகமாக இருக்கும், ஆனால் இன்றைய காடு அப்படி இல்லை.

சரி, ஓரிடத்தில் உட்காரும் படங்கள் எல்லாமே நல்லவையா? அதுவும் இல்லை. 2005இல் தொடங்கிய 'மீர்கட் மேனர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மீர்கட் என்பது வளையில் கூட்டமாக வாழும், கீரி இனத்துச் சின்ன விலங்கு. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993 முதல் கவனித்துவந்த மீர்கட் கூட்டங்களைத்தான் படமெடுத்தார்கள். எந்த மீர்கட் எது என்று தெரிய ரோமத்தில் சாயக்குறி இருக்கும். வளைக்குள்ளேயும் சின்னக் கேமரா போகும். அறிவியல் அடித்தளம் இவ்வளவு பலமாக அமைந்த தொடர்கள் குறைவு. ஆனால் அதைச் சொன்ன விதம் அப்பட்டமான தொலைக்காட்சி மெகாத் தொடர்: காதல், துரோகம், பழிவாங்கல். ஃபிளவர் என்ற தலைவி 2007இல் பாம்புக்கடியால் இறந்தபோது ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அந்த மணல்வெளியில் பூச்சிகள் குறைந்தால் குட்டிகள் என்ன ஆகும் என்பதைவிட யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பதே பார்த்தவர் நினைவில் அதிகம் நிற்கும்.

'மை ஆக்டோபஸ் டீச்சர்' வேறு மாதிரி தடுமாறுகிறது. 2021இல் ஆஸ்கர் வாங்கிய படம். கிரெய்க் ஃபாஸ்டர் தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில், கெல்ப் என்னும் உயரமான கடற்பாசிகளின் காட்டுக்குள் நாள்தோறும் மூச்சடக்கி மூழ்கி, ஒரே ஆக்டோபஸைப் பின்தொடர்கிறார். சுறா ஆக்டோபஸின் ஒரு கையைப் பிய்த்தெடுப்பதும், அது மெல்ல மறுபடி வளர்வதும், கிளிஞ்சல்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு அது ஒளிவதும் தினமும் அங்கே இருந்தவருக்கே கிடைக்கும் காட்சிகள். ஒரு வாழிடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல படங்களில் இதுவும் ஒன்று. ஆனால் மனிதரின் மனச்சோர்வும் அவர் மீண்ட கதையும் கொஞ்சம் அதிகம். ஆக்டோபஸுக்கு அவரைக் குணப்படுத்தும் உத்தேசம் எதுவும் இருந்திருக்காது, பாவம்.

உலகைச் சுற்றும் வகையிலும் ஒரு கிளை தனியாகப் பிரிகிறது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அவர் பிளானட்', உலக இயற்கை நிதியத்தோடு சேர்ந்து செய்த எட்டு பாகத் தொடர். அழகைக் காட்டிய கையோடு அது எதனால் குறைந்துகொண்டே போகிறது என்பதையும் சொல்லிவிடுவதுதான் இதன் பலம். காடுகள் பற்றிய கடைசிப் பாகத்தில் ஆட்கள் வெளியேறிய செர்னோபில்லில் காடு திரும்பி வளர்ந்து ஓநாய்கள் நடமாடுவதைக் காட்டுவார்கள். இடம் கிடைத்தால் இயற்கை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நேரடியான உதாரணம் கிடைப்பது கஷ்டம். பலவீனமும் அந்தச் செய்தியிலிருந்தே வருகிறது. ரஷ்யக் கடற்கரையில் குன்றின் உச்சியிலிருந்து வால்ரஸ் என்னும் தந்தமுள்ள பெரிய கடல்விலங்குகள் விழுந்து சாகும் காட்சிக்குக் கடல்பனி குறைந்ததே காரணம் என்று தொடர் சொன்னது. பனிக்கரடிகள் விரட்டியதற்கும் அதில் பங்கு உண்டு என்று சிலர் எதிர்வாதம் செய்தார்கள். பனி இல்லாததால்தான் அவ்வளவு வால்ரஸ்கள் ஒரே கரையில் குவிகின்றன என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அந்த மலையடிவாரத்தில் இன்னும் சில நிமிடங்கள் கேமராவை நிறுத்தி மற்றக் காரணங்களையும் பேசியிருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடமிருந்திருக்காது.

நம்பகத்தன்மை என்ற அளவுகோலில் பார்த்தாலும் எனக்கு ஓரிடப் படங்கள் ஒரு படி மேலே. 2016இல் வந்த 'பிளானட் எர்த் 2' தொடரில், கலாபகோஸின் ஃபெர்னாண்டினா தீவில் கடல் இகுவானா என்னும் பல்லி இனத்தின் குட்டி பாம்புக் கூட்டத்திடமிருந்து தப்பும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அது ஒரே குட்டியின் ஓட்டம் அல்ல, வெவ்வேறு குட்டிகளின் காட்சிகளை ஒட்டியது என்று தயாரிப்பாளரே பிற்பாடு சொன்னார். 2011இல் 'ஃபுரோசன் பிளானட்' தொடரில் வந்த பனிக்கரடிக் குட்டிகள் நெதர்லாந்து விலங்குக்காட்சி சாலையில் படமாக்கப்பட்டவை. காட்டில் கரடிக் குகைக்குள் கேமராவோடு போனால் தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து என்பதால் அது நியாயமான முடிவுதான், ஆனால் படத்திலேயே சொல்லியிருக்கலாம். நாம் கேட்கும் காலடிச் சத்தமும் மெல்லும் சத்தமும் பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் செய்தவை, இது எல்லா வகைப் படத்துக்கும் பொதுவானது. எவ்வளவு தூரத்திலிருந்தும் லென்ஸ் படம் பிடிக்கும், மைக் அப்படிப் பிடிக்காதே.

பெயர் சூட்டி, அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் படத்தில் இப்படி ஒட்டுப்போடுவது கடினம். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் வரும்: பாசம். 'டைனஸ்டீஸ்' பெங்குவின் பாகத்தில் அண்டார்டிகாவின் பனிப்பள்ளத்தில் சிக்கிய பறவைகளுக்கு ஏறிவரப் படக்குழுவே சரிவுப் பாதை வெட்டிக் கொடுத்தது. இயற்கையில் கை வைக்காதே என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. நான் அவர்கள் பக்கம். பாதையைப் பயன்படுத்துவதா இல்லையா என்ற முடிவு பெங்குவினிடமே இருந்தது, அதோடு படத்திலேயே அதை ஒளிக்காமல் காட்டினார்கள்.

பத்து வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை தலைகீழ். அவர்களுக்கு 'பிளானட் எர்த்'தே முதலில் வேண்டும். உலகம் எவ்வளவு விசித்திரமானது என்ற ஆச்சரியம் முதலில் வரட்டும். அதிலும் குகைகள் பாகத்திலிருந்து தொடங்கலாம். போர்னியோக் குகையில் வவ்வால் எச்சம் மலையாகக் குவிந்திருக்க, அதன்மேல் கரப்பான்கள் மொய்க்கும் காட்சியைக் குழந்தைகள் அருவருத்துக்கொண்டே திரும்பப் போடச் சொல்வார்கள். வெளிச்சமே எட்டாத இடத்தில் வவ்வாலின் எச்சத்தை நம்பி ஒரு கூட்டமே வாழ்கிறது என்பது அங்கே தெளிவாகப் புரியும், ஏனென்றால் அந்தப் பாகத்தில் குகைதான் கதாநாயகன். பாகம் முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். எப்படிப் படமெடுத்தார்கள் என்று கடைசியில் பத்து நிமிடம் வரும். ஒரு நிமிடக் காட்சிக்காக எச்சத்துக்கும் பூச்சிக்கும் நடுவே ஆட்கள் காத்துக் கிடந்ததை அங்கேதான் பார்க்க முடியும்.