விளையாட்டுக் குழுவுக்கு வாட்ஸ்அப்பா, டிஸ்கார்டா?

கீழக்கரையிலோ மண்டபத்திலோ பப்ஜி என்ற கைப்பேசி ஆட்டத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு, 2020 செப்டம்பரில் இந்திய அரசு அந்த ஆட்டத்துக்கு விதித்தது போன்ற தடையைக் கண்டாலும் எளிதில் கலையாது; ஆடியவர்கள் வளைகுடாவுக்குப் போன பிறகு, திருமண அழைப்பும் இரத்த தானக் கோரிக்கையும் பகிரும் ஊர்க் குழுவாக அது மாறிவிடும்.

செலவு: வாட்ஸ்அப்பும், ஆட்டக்காரர்கள் எழுத்திலும் குரலிலும் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்டும் இலவசம்.

எளிமை: வாட்ஸ்அப் எல்லார் கைப்பேசியிலும் உண்டு, டிஸ்கார்டுக்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும், அதற்கே பலர் சலித்துக்கொள்வார்கள்.

நீடிப்பு: டிஸ்கார்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிப் பிரிவு அமைக்கலாம். அனுமதி இருந்தால் நேற்றுச் சேர்ந்தவரும் பழைய உரையாடல்களைப் படிக்கலாம் என்பதால், மூத்தவர்கள் விலகினாலும் அவர்கள் எழுதிவைத்த உத்திகள் அங்கேயே இருக்கும்.

பள்ளித் தோழர்கள் நால்வர் இரவில் கூடி ஆட வாட்ஸ்அப் போதும். வெளியூராரும் சேரும் அணிக்கு டிஸ்கார்டே பொருந்தும். நிர்வாகப் பொறுப்பை மட்டும் ஒருவரிடமே விட்டுவிடக் கூடாது.