டெம்பரேச்சர் கன்: லாரிக்கடியில் 14 மாதம்

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவியை நீட்டிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தால், பத்தில் மூன்று டிரைவராவது இறங்கி வந்து நெற்றியைக் காட்டுவார். கொரோனா காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை. "உங்களுக்கு இல்லண்ணே, வண்டிக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கனரக வாகனங்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் வேலை. பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு, டிரெய்லரை இணைக்கும் கொக்கி, சரக்கைக் கட்டிய சங்கிலி, எல்லாவற்றையும் பார்த்து, போகலாம் என்றோ நிற்கட்டும் என்றோ எழுதிக் கொடுப்பேன். பையில் டார்ச், சாக்பீஸ், இரும்பு ஸ்கேல், டயர் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகள்) ஆழம் பார்க்கும் கேஜ், ஒரு சின்னச் சுத்தியல். 14 மாதத்துக்கு முன் அதோடு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றும் சேர்ந்தது. அலுவலகம் தரவில்லை, சொந்தக் காசு. அதனால் திட்டவும் உரிமை உண்டு, புகழவும் உரிமை உண்டு.

பிராண்டைச் சொல்லப் போவதில்லை. ஒரே அச்சில் வார்த்து, ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள். கைப்பிடியும் விசையும் உள்ள சாதாரண மாடல், 9 வோல்ட் பேட்டரி, மைனஸ் 50-லிருந்து 550 டிகிரி செல்சியஸ் வரை. பெட்டியில் '12:1' என்று போட்டிருக்கும். வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். 12 அடி தள்ளி நின்று குறிவைத்தால் 1 அடி விட்டமுள்ள வட்டத்தின் சராசரிச் சூட்டைத்தான் காட்டும் என்று அர்த்தம். சிவப்பு லேசர் புள்ளி விழும் இடத்தை மட்டும் அளக்கிறது என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். லேசர் வெறும் சுட்டுவிரல், அதற்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. ரிம்மில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே தெரியும் பிரேக் டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையை, பிடிக்க வேண்டுமென்றால், ஓர் அடி தூரத்துக்குப் போய்க் குனிய வேண்டும். அங்கே நின்றால் வட்டம் ஓர் அங்குலம். நிமிர்ந்து நின்றபடி ஆறடித் தூரத்திலிருந்து சுட்டால் ரிம், டயர், டிரம் மூன்றும் கலந்த கூட்டாஞ்சோறுதான் திரையில் வரும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கும் கன்னைக் கொண்டுவந்தார். ஓடி வந்து நின்ற லாரியின் டிரம்மில் வைத்ததும் 'Hi' என்று காட்டியது. "பாருங்க, வணக்கம் சொல்லுது" என்றார். மனித உடம்புக்குச் செய்தது அவ்வளவுதான் தாங்கும்.

பிரேக்குக்கு எதற்குச் சூடு? 40 டன் எடையுள்ள வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுக்க பிரேக்கிலேயே நிற்கிறது என்று வையுங்கள். அதன் ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு கோடி ஜூல். கை பொறுக்கும் தண்ணீர் 30 லிட்டரைக் கொதிக்கவைக்க அது போதும். அத்தனையும் டிரம்மிலும், அதை உள்ளிருந்து அழுத்தி உரசும் லைனிங்கிலும்தான் சூடாக இறங்குகிறது. அதனால் வண்டி வந்து நின்ற சில நிமிடங்களுக்கு, எந்தச் சக்கரம் எவ்வளவு உழைத்தது என்ற கணக்கு டிரம்மிலேயே எழுதியிருக்கும். ஆறிப்போனால் அழிந்துவிடும். என் சீனியர் இதைப் புறங்கையால் படிப்பார். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். மூக்கு வேறு, லைனிங் கருகும் நாற்றத்தை இரண்டு வண்டி தள்ளியே பிடித்துவிடும். நான் கன்னை எடுத்த முதல் நாள், "எதுக்குய்யா துப்பாக்கி, யாரைச் சுடப் போற?" என்றார்.

ஆள் கேட்டது நியாயமான கேள்விதான். இந்தக் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் தப்பு நடக்கும். பளபளக்கும் அலுமினிய ரிம்மில் வைத்துப் பாருங்கள். உண்மையில் 80 டிகிரியில் இருக்கும் ரிம்முக்கு 38 என்று சொல்லும். கருவி உணர்வது பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை. மெருகேறிய உலோகம் தன் கதிரை மிகக் குறைவாகத்தான் விடும், சுற்றி இருப்பதைத்தான் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். அதாவது திரையில் நான் படிப்பது என் சட்டையின் சூடு. ரிம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் இன்னும் கேலிக்கூத்து, மேகமில்லாத வானத்தின் கதிர் அவ்வளவு குறைவு. துருவும் தூசியும் படிந்த வார்ப்பிரும்பு டிரம் அப்படி ஏமாற்றாது. அழுக்கு வண்டி உண்மை பேசும், கழுவிப் பாலிஷ் போட்ட வண்டி பொய் சொல்லும். மின்சார வேலைக்கான கறுப்பு டேப்பைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ஒட்டி, அதுவும் சூடேறியபின் அதன்மேல் குறிவைத்தால் சரியான அளவு வரும். எல்லா வண்டிக்கும் அது நடக்கிற காரியமா?

ஒப்பிடத் தெரிந்தவனுக்குத்தான் இது கருவி. ஒரே ஆக்ஸிலின் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) இடதும் வலதும், ஒரே மாதிரியான இடத்தில், ஒரே தூரத்தில். அப்போது எண் 10 டிகிரி கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பும். முன் ஆக்ஸிலை டிரெய்லரின் பின் ஆக்ஸிலோடு ஒப்பிடாதீர்கள். பிரேக்கின் அளவு வேறு, படும் காற்று வேறு, சுமை வேறு. ஒரு பக்கம் வெயில் அடிக்கும் வண்டியில் ரிம்மையும் டயரையும் விட்டுவிட்டு டிரம்மை மட்டும் பாருங்கள்.

ஐந்து ஆக்ஸில் டிரெய்லர் ஒன்று சரிவில் இறங்கி வந்து நின்றது. பின் மூன்று ஆக்ஸிலில் 96, 91, 94, 89, 93 என்று வந்துகொண்டிருந்தது. கடைசி ஆக்ஸிலின் இடது பக்கம் 37. வெயிலே ஏறத்தாழ அவ்வளவு இருந்திருக்கும். கூடவே நடந்து வந்த டிரைவருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா சார், இந்த வீல் மட்டும் எவ்வளவு கூலா இருக்கு. போன மாசம்தான் வேலை பாத்தது."

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடியில் போனேன். கிளீனர் பையனை பிரேக் மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும், காற்றழுத்தத்தில் பிரேக்கை இயக்கும் சேம்பர் ஒன்று உண்டு. மற்ற ஐந்து சேம்பரிலும் அதன் தள்ளுகோலான புஷ்ராடு வெளியே வந்தது. இந்த ஒன்றில் ஒரு நூல்கூட அசையவில்லை. சேம்பருக்குப் போகும் ஏர் ஹோஸைத் தடவிக்கொண்டே போனால், நடுவில் கை தடுக்கியது. ஹோஸுக்குள் ஒரு போல்ட்டைச் செருகி, மேலே கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன்மேல் ரப்பர் டியூபைச் சுற்றியிருந்தார்கள். சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் தகடான டயாப்ரம் கிழிந்து காற்று போயிருக்கிறது. புது டயாப்ரம் போடுவதற்குப் பதில் காற்றை அடைத்துவிட்டார்கள். டிரைவர் அடியில் குனிந்து பார்த்தவர் நிமிரவே கொஞ்ச நேரம் ஆனது. "நான் இந்த வண்டிக்கு வந்து பத்து நாள்தான் சார்" என்றார். நம்பினேன். அத்தனை நாளும் அந்த மனிதர் தெரியாமலே ஒரு பிரேக் குறைவாக ஓட்டியிருக்கிறார்.

கன் இல்லாவிட்டாலும் கீழே படுத்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருப்பேன், உண்மைதான். ஆனால் எல்லா வண்டிக்கும் அடியில் போக நேரம் கிடையாது. எந்த வண்டிக்கு அடியில் போவது, போனால் எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவது, இதைத்தான் இது எனக்குச் சொல்கிறது. வாங்கும்போது கொதிக்கும் சக்கரத்தைப் பிடிக்கத்தான் வாங்கினேன். இப்போது முதலில் தேடுவது குளிர்ந்த சக்கரத்தை. சூடான சக்கரம் நாற்றமடித்து, புகைவிட்டு, தானே காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்கு வராத பிரேக் சத்தமே போடாது.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். சூடு சமமாக இருந்தால் பிரேக் சரி என்று கன்னை வைத்து எழுதிக் கொடுத்துவிட முடியாது. பத்து பிரேக்கும் ஒரே மாதிரி லூஸாக இருக்கலாம் அல்லவா? அதற்கு சாக்பீஸும் ஸ்கேலும்தான். புஷ்ராடில் கோடு போட்டு, காற்றழுத்தம் 90-லிருந்து 100 பிஎஸ்ஐக்குள் வைத்து, முழுக்க மிதிக்கச் சொல்லி நகர்வை அளக்க வேண்டும். சாதாரண டைப் 30 என்ற அளவுள்ள சேம்பரில் 2 அங்குலத்துக்கு மேல் போனால் அட்ஜஸ்ட்மெண்ட் போய்விட்டது. நகர்வு நீளமான லாங் ஸ்ட்ரோக் சேம்பர் என்றால் இரண்டரை. டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும் என்பதால், சூடாக இருக்கும்போது அளந்தால் நகர்வு கூடுதலாகத் தெரியும். சரிவில் பிரேக் பிடிக்காமல் போவதன் பாதிக் கதை அந்த விரிவில்தான் இருக்கிறது.

சூடான சக்கரமும் ஒன்று வந்தது. ஒரு பக்கம் 105, எதிர்ப்பக்கம் 243. பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கிளீனர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார், கத்தித் தடுத்தேன். அந்தச் சூட்டில் வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும். டயரின் பக்கச்சுவருக்கு நேரே யாரும் நிற்கவும் கூடாது, வெடித்தால் அந்தப் பக்கம்தான் வரும். தள்ளி நின்று அரை மணி நேரம் ஆறவிட்டோம். தூரத்திலிருந்தே சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது, அந்த ஒரு நாளுக்காகவே போட்ட காசு எடுத்தாகிவிட்டது. தொலைவில் நின்றால் எண் துல்லியமாக இருக்காது, இறங்குகிறதா ஏறுகிறதா என்பது தெரிந்தால் போதாதா?

இனி குறைகள். நல்ல வெயிலில் லேசர் கண்ணுக்கே தெரியாது. திரையும் மங்கல், உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். பேட்டரி மூடி மூன்றாம் மாதமே பல் உடைந்தது, இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது. ஏசி வண்டியிலிருந்து எடுத்து உடனே வெயிலில் காட்டினால் அரை மணி நேரம் வாய்க்கு வந்ததை உளறும், அதனால் நான் இறங்கியதும் இதை வெளியே எடுத்து வைத்துவிடுவேன். லென்ஸ் உள்வாங்கி இருப்பதால் கிரீஸ் ஒட்டினால் தெரியவே தெரியாது. மாதம் ஒருமுறை, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதன்மேல் குறிவைப்பேன். பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையது புதிதில் 1.4 காட்டியது. ஒரு மாதம் 5 காட்டியபோதுதான் லென்ஸில் கிரீஸ் இருப்பது தெரிந்தது. பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் பழையபடி ஆனது.

எல்லாவற்றிலும் மோசம் அந்த செல்சியஸ்-ஃபாரன்ஹீட் பொத்தான். விசைக்கு மேலே, கட்டைவிரல் படும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஒருநாள் டிரெய்லர் ஹப்பில் 129 வந்தது. பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி, சக்கரத்தைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். வயதான டிரைவர். எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாகப் போய் ஹப் மூடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்து, "தம்பி, 129னா தண்ணியே கொதிச்சிருக்கும். என் கை வேகலையே" என்றார். திரையின் ஓரத்தில் எறும்பளவுக்கு ஒரு 'F'. கணக்குப் போட்டால் 54 டிகிரி. ஓடி வந்த ஹப்புக்கு அது சாதாரணம். மற்ற சக்கரங்களும் எல்லாம் நூற்றுக்கு மேல் காட்டியிருந்தன. நான் சொல்லிக்கொடுக்கும் ஒப்பிடும் பாடத்தை நானே மறந்த நாள் அது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி, பாக்கறது நல்லதுதான்" என்று ஏறிப் போய்விட்டார்.

சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது என்று 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது சாதாரணத் தெர்மாமீட்டரை வைத்துத்தான். முப்பட்டகத்தில் பிரிந்த நிறங்களுக்கு வெளியே, இருட்டில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறியதைப் பார்த்தார். பக்கத்தில் ஒப்பிட வேறு தெர்மாமீட்டர்களும் வைத்திருந்தார், அதை நான் அந்த வயதானவர் போன பிறகு நினைத்துக்கொண்டேன்.

வாங்கலாமா? டிஸ்க் பிரேக் வண்டிகள்தான் அதிகம் வரும் இடம் என்றால் யோசியுங்கள், டிஸ்க் உள்ளே மறைந்திருக்கும், ஹப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். டிரம் பிரேக் லாரிகளைப் பார்ப்பவர், சொந்தமாக நாலு வண்டி ஓட்டுபவர், நெடுந்தூரம் போகும் டிரைவர் வாங்கலாம். டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு சுற்று சுட்டுவிட்டு வர இரண்டு நிமிடம். 12:1-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம், மீதி ஒன்றரை அந்தப் பொத்தானுக்கும் பேட்டரி மூடிக்கும்.

பொத்தானின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். சீனியர் இப்போதும் புறங்கையால்தான் பார்க்கிறார். ஏதாவது ஒரு சக்கரத்தில் நின்றுவிட்டால் மட்டும் திரும்பாமலே கையை நீட்டுகிறார், நான் கன்னைக் கொடுக்கிறேன்.