பால் பேரிங் டர்போ என்று வாங்கினேன், இன்ஜினே போனது

டர்போ, அதாவது புகைக் காற்றின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாமான், 88,000 ரூபாய். நான்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அச்சில் ஊற்றாமல், அழுத்தி அடித்துச் செய்தது) 52,000. இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்கினேன். இரண்டுமே போலி. இன்ஜின் மொத்தமாக நாற்பது நிமிடம்கூட ஓடியிருக்காது. போலியை வாங்கியது ஒரு முட்டாள்தனம் என்றால், அசலுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் படித்துப் படித்து அந்தப் போலிக்குச் செய்தேன் பாருங்கள், இன்ஜினைக் கொன்றது அதுதான். வீட்டில் கார் கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்டலாமா என்று யோசிப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கார் 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். கம்பெனி கொடுத்தது 106 குதிரைசக்தி. நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது 250. எங்கள் ஊர் கோயம்புத்தூர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்த கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ட்ராக் இருக்கிறது. தெருவுக்கு நாலு லேத் பட்டறை. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு போர்ட்டிகோவில் ஒரு கார் கட்டாமல் இருந்தால் எப்படி என்று ஒரு திமிர். அப்பா மட்டும் தினமும் காபி டம்ளரோடு வந்து நின்று, "ஓடற வண்டிய எதுக்குடா கழட்டிப் போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போவார். என்னிடம் பதில் இருந்ததில்லை.

அந்த ஆள் போனிலேயே கடை நடத்துபவர். பெயர் போட மாட்டேன், ஆள் மாறினாலும் முறை மாறாது. நான் கேட்டது கேரட் கம்பெனியின் ஜிடி2860ஆர்எஸ் என்ற டர்போ. அப்போது வரியெல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சம் பக்கம் வந்த சாமான். அவர் 88,000 சொன்னார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் பேசிய விதம் அப்படி. விலையைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். டர்பைன் ஹவுசிங் ஏ/ஆர் 0.64 வேண்டுமா 0.86 வேண்டுமா? மேனிஃபோல்டில் டி25 ஃபிளான்ஜ்தானே? கம்ப்ரஷன் குறைக்கிறீர்களா? விற்க வருகிறவர் நம்மைப் பரீட்சை எழுத வைத்தால், பாஸாவதிலேயே நம் கவனம் போய்விடுகிறது. அவரைச் சோதிக்க வேண்டும் என்பதே மறந்துபோகிறது. வெளிநாட்டில் ப்ராஜெக்ட் கைவிட்ட ஒருவரிடமிருந்து வாங்கிய புதுச் சரக்கு, அதனால்தான் இந்த விலை என்றார். நம்பினேன்.

பார்சல் வந்தது. கூரியர் சீட்டில் 'வாட்டர் பம்ப் ஸ்பேர்' என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "டர்போன்னு போட்டா வழியில நிறுத்திடுவாங்க ப்ரோ" என்றார். பில் கேட்டேன், பார்சலுக்குள் இருக்கும் என்றார். இல்லை. ஆனால் பெட்டியும் நுரைத்தாளும் பளபளவென்று பெயர்ப்பலகையும் பார்த்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டேன். திண்ணையில் வைத்து நாலு படம் எடுத்து, "சூப்பர் ப்ரோ, வந்துடுச்சு" என்று அவருக்கே அனுப்பினேன். இந்தப் படத்தை நினைவில் வையுங்கள்.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். ஷாஃப்டின் நட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லேசாக ஆடியது. ஷாஃப்டைச் சின்னச் சின்ன உருண்டைகள் தாங்கும் பால் பேரிங் டர்போவில் அந்த ஆட்டம் இருக்காது என்பது என் நினைப்பு. கேட்டேன். "ஆயில் பிரஷர் ஏறினா சரியாகிடும் ப்ரோ" என்றார். இது பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவுக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கும், காய்ந்திருக்கும்போது ஆடத்தான் செய்யும். நான் பணம் கொடுத்தது பால் பேரிங்குக்கு.

இனிமேல்தான் என் அறிவாளித்தனம். பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் கொஞ்சம் போதும். பிரஷர் அதிகமானால் சீலைத் தாண்டிப் புகையும். அதனால் ஆயில் லைனில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர், அதாவது ஆயிலைக் குறைக்கும் அடைப்பு, போடுவார்கள். ஜர்னல் பேரிங்குக்குப் போடக் கூடாது, அதற்கு ஆயில் தாராளமாகப் போக வேண்டும். இதையெல்லாம் மாங்கு மாங்கென்று படித்து, லேத்தில் கொடுத்து ஒரு மில்லிமீட்டர் துளையோடு ரெஸ்ட்ரிக்டர் கடைந்து மாட்டினேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஜர்னல் பேரிங்கின் கழுத்தை என் கையாலேயே நெரித்தேன்.

பிஸ்டன் கதையும் இதேதான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால், சாதாரண பிஸ்டனைவிட இடைவெளி கூடுதலாக விட்டு சிலிண்டரைக் கடைவார்கள், இதைத்தான் போர் அடிப்பது என்போம். இவர் அனுப்பிய தாளில் 0.08 மில்லிமீட்டர் என்றிருந்தது, அப்படியே அடித்தோம். முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம். போன் பண்ணினால், "ஃபோர்ஜ்டுன்னா அப்படித்தான் ப்ரோ, சூடானா அடங்கிடும்." இதுவும் உண்மை, ஃபோர்ஜ்டாக இருந்தால். என்னுடையது ரேடியேட்டர் ஃபேன் ஓடிய பிறகும் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் தம்பி, தையல் மிஷின் எதும் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். அவருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

டிரெய்லரில் ஏற்றி, இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனோம். 0.4 பார் பூஸ்டில் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) சக்கரத்தில் 131 குதிரைசக்தி வந்தது. டியூனர் ஏர்-ஃப்யூயல் மீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். 0.7-க்கு ஏற்றியதும் மூன்றாவது ரன்னில் விசில் சத்தம் மாறியது. முதலில் மெலிசாக ஒரு கீச்சு, அப்புறம் ஆம்புலன்ஸ் தூரத்தில் போகிற மாதிரி. அடுத்த நொடி பின்னால் நீலப் புகை, பட்டறைச் சுவரே தெரியவில்லை. டியூனர் உடனே அணைத்தார், ஆனாலும் அதற்குள் ஆயில் இன்டேக்குக்குள் போய்விட்டிருந்தது. பெட்ரோலோடு இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிந்தால் ஆக்டேன் விழும், நாக்கிங் வரும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும். பூஸ்டில் நாக்கிங் வந்தால் பிஸ்டன் உடையும். மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் செத்திருந்தது.

கழற்றி எடுத்து ஆவாரம்பாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் லேத்துக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெரியவருக்கு டர்போ கார் மேலெல்லாம் ஆசை கிடையாது. நாற்பது வருடமாகப் பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைபவர். மேசையில் பழைய தினத்தாளை விரித்து, டர்போவைப் பிரித்து வரிசையாக அடுக்கினார். கம்ப்ரஸர் வீலின் ஓரம் ஹவுசிங்கில் உரசி ரம்பம் போல் பற்கள் வந்திருந்தன. நடுவில் இருந்து இரண்டு சின்னப் பித்தளை வளையங்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒன்றில் சூட்டில் நிறம் மாறி, ஷாஃப்டோடு அப்பியிருந்த தடம்.

"பால் பேரிங்னு சொன்னீங்களே தம்பி. இதுல பாலே இல்லீங்களே. வெறும் புஷ்ஷுங்க."

அப்புறம் வெர்னியரை எடுத்தார். கம்ப்ரஸர் வீலின் வெளி விட்டம் 60 மில்லிமீட்டர், அது சரி. 2860-இல் உள்ள 60 அதுதான், எல்லாரும் அளப்பதும் அதைத்தான் என்று போலி செய்தவனுக்குத் தெரியும். காற்று உள்ளே நுழையும் பக்கத்து விட்டம் அசலில் 47.2 இருக்க வேண்டும். என்னுடையதில் 42.3. சின்ன விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, நூறால் பெருக்கினால் ட்ரிம் என்ற எண் கிடைக்கும். அசலுக்கு 62 வரும், எனக்கு 50 வந்தது. பேரிங் பிழைத்திருந்தாலும் 250 என்பது கனவுதான். பெயர்ப்பலகையில் கார்ப் கிளீனர் பட்ட இடத்தில் எழுத்தே கரைந்து போயிருந்தது. பெரியவர் அதை நகத்தால் சுரண்டி, "கல்யாணப் பத்திரிகைக்குப் பிரிண்ட் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார்.

பிஸ்டனைத் திருப்பிப் போட்டார். ஃபோர்ஜ்டு என்றால் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். இதில் அச்சில் ஊற்றிய கோடு அப்படியே ஓடியது, மூலைகளில் வார்ப்புக் குழிகள். மூன்றாவது பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் உள்ள விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. நான்கையும் தராசில் வைத்தால் ஒன்றுக்கொன்று 11 கிராம் வரை வித்தியாசம். நல்ல செட்டில் ஓரிரு கிராமுக்கு மேல் போகாது. வாங்கிய அன்று அரை மணி நேரம் இதே மேசையில் உட்கார்ந்திருந்தால் எல்லாமே தெரிந்திருக்கும். பெரியவர் அளப்பதற்குக் காசும் வாங்கவில்லை, டீதான் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. படங்களை அனுப்பியதும் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ரெஸ்ட்ரிக்டர் யார் ப்ரோ போடச் சொன்னது? ஜர்னல் பேரிங் டர்போவுக்குப் போய் யாராச்சும் ரெஸ்ட்ரிக்டர் போடுவாங்களா? உங்க தப்பு." மூன்று முறை திரும்பக் கேட்டேன். என்னைத் திட்டுகிற வேகத்தில், விற்றது பால் பேரிங் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அதை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

இதை நான் சுட்டிக்காட்டியதும் குரல் மாறியது. "கம்ப்ளெயிண்ட் குடுங்க ப்ரோ. உங்க வண்டியே இல்லீகல். போலீஸ் முதல்ல உங்களத்தான் பிடிக்கும்." இவர்கள் பிழைப்பே இந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது. அதில் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்றும் இருக்கிறது. அதனால்தான் என் கார் டிரெய்லரில் போய் டிரெய்லரில் வருகிறது, ரோட்டில் ஓட்டுவதில்லை. ஆனால் போலிச் சாமானை அசல் என்று விற்றது தனிக் கதை. என் வண்டி எப்படி இருந்தாலும் அது ஏமாற்றுதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பில் இல்லையே என்று பயந்துகொண்டிருந்தேன். யுபிஐ பதிவு, உரையாடல், வாய்ஸ் மெசேஜ், கூரியர் சீட்டு எல்லாவற்றையும் கோர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்தேன். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். மனுவின் நகலை அனுப்பிய மறுநாள் 40,000 ரூபாய் கணக்கில் வந்து விழுந்தது. கூடவே "செட்டில் பண்ணிக்கலாம் அண்ணா" என்று ஒரு செய்தி. ஒரே ராத்திரியில் ப்ரோ அண்ணா ஆகிவிட்டேன். மீதி ஒரு லட்சத்துக்கு மனு போட்டாகிவிட்டது.

டர்போ வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் வெர்னியரை வைத்து இரண்டு விட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள். வெர்னியர் இல்லை என்பவரிடம் டர்போவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை அடிப்பக்கம் திருப்பிப் படம் கேளுங்கள், தராசில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். சாமான் கைக்கு வராமல், அளக்காமல் போர் அடிக்கவே அடிக்காதீர்கள். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் ஃப்யூயல் பம்பிலும் போலி ஏகப்பட்டது உலவுகிறது, மாட்டும் முன் ஒரு கேனில் விட்டு எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்துவிடுங்கள்.

இப்போது இன்ஜின் பிளாக் மறுபடி லேத்தில் இருக்கிறது, சிலிண்டருக்குப் புது உறை (ஸ்லீவ்) போட வேண்டும். அப்பா கேள்வியை மாற்றிவிட்டார்: "எப்பதான்டா மாட்டுவே?"

போன வாரம் ஒரு நண்பர் ஒரு விளம்பரத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். ஜிடி2860ஆர்எஸ், பால் பேரிங், 79,000 ரூபாய், கீழே 'எங்கள் வாடிக்கையாளர் அனுப்பிய படம்'. சிவப்புத் தரை. வலது ஓரத்தில் பாதி அழிந்த கோலம், அதன் மேல் அம்மாவின் அரிசி முறத்தின் விளிம்பு. அது எங்கள் வீட்டுத் திண்ணை. அந்தப் படத்தோடு யாராவது உங்களிடம் டர்போ விற்க வந்தால் வாங்காதீர்கள்.